பெரட்டுக்கு முந்திய கால் மணி நேரம்

என் வாய் பெரிய வாய். அதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் ராமலட்சுமியைப் பற்றி நேர்மையாக எழுத முடியாது. நமுனுகுல மலைப்பக்கம் இருக்கிற எங்கள் தோட்டப் பள்ளிக்கூடம் ஒரே நீள மண்டபம். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரைக்கும் இடுப்பு உயரச் சுவர்தான் நடுவில். நான் ஒன்றாம் வகுப்பில் அதட்டினால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை பென்சிலைக் கீழே போட்டுவிடும். இருபத்திரண்டு வருஷம் அப்படித்தான் படிப்பித்தேன். "துஷ்யந்தி டீச்சர் வாராங்க" என்று யாராவது சொன்னால் போதும், மைதானமே அடங்கும். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது, மறைப்பானேன்.

ராமலட்சுமி கொழுந்து பறிக்கிறவள். வயது முப்பத்து மூன்று. பூனாகலையில் பிறந்து, எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, பத்தொன்பது வயதில் வடிவேலுக்கு வாழ்க்கைப்பட்டு எங்கள் தோட்டத்து மூன்றாம் லயத்து வரிசை வீடுகளில் ஒன்றுக்கு வந்தாள். வடிவேலுக்குத் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலை. நல்ல மனுஷன், ஆனால் சந்தோஷத்தையும் துக்கத்தையும் பத்துப் பேருக்குச் சொல்லாமல் அவனால் இருக்க முடியாது. ராமலட்சுமி அதற்கு நேர்மாறு. ஆள் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போய், மூன்றாவதாகத் தங்கியது கம்சலா. வேறு பிள்ளை இல்லை.

கம்சலா என் ஒன்றாம் வகுப்புக்குத்தான் வந்தாள். இரட்டைப் பின்னல், பெரிய கண், சுத்தமான சட்டை. வாயை மட்டும் திறக்கவில்லை. ஒரு வாரம் பார்த்தேன், ஒரு மாதம் பார்த்தேன். வரவு இடாப்பில் பெயர் கூப்பிட்டால் பதில் இல்லை, பாட்டுப் பாடினால் உதடு அசைவதில்லை, பக்கத்துப் பிள்ளை கிள்ளினால்கூடச் சத்தம் இல்லை. ராமலட்சுமியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "வீட்டுல வாய் ஓயாது டீச்சர். கோழியப் புடிச்சு ஏசுவா. கங்காணி பெரட்டுல பேர் கூப்புடுறது கணக்கா கூப்புட்டுக் காட்டுவா. அவங்க அப்பாவுக்குச் சிரிச்சு வயிறு வலிச்சுப் போகும்" என்றாள். நான் நம்பவில்லை. எந்தத் தாய்தான் தன் பிள்ளையை விட்டுக்கொடுப்பாள் என்று நினைத்தேன்.

ஒரு நாள் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இடாப்பில் அவள் பெயரை மூன்று தரம் கூப்பிட்டேன். என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "என்னடி, வாயில கொழுக்கட்டையா?" என்றேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது. "பேரச் சொல்ற வரைக்கும் வாங்குல ஏறி நில்லு!"

நின்றாள். இடைவேளை மணி அடிக்கும்வரை, பிள்ளைகள் உட்காருகிற அந்தப் பலகை வாங்கின் மேலேயே நின்றாள். அழவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. மணி அடித்து மற்றப் பிள்ளைகள் ஓடிய பிறகுதான் பார்த்தேன், வாங்கு நனைந்து, கீழே தரையும் நனைந்திருந்தது. கழிப்பறைக்குப் போகவேண்டும் என்று சொல்லவும் அந்தப் பிள்ளைக்கு வாய் வரவில்லை.

மறுநாள் காலையில் ராமலட்சுமி வந்தாள். முதுகில் கூடை, கையில் பிள்ளை. என்னை நாலு வார்த்தை கேட்கப்போகிறாள் என்று நான் தயாராக நின்றேன். அவளோ, "பிள்ளைக்குச் சொகமில்ல போல டீச்சர். எடத்த அசிங்கப்படுத்திட்டா. மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்த பழந்துணியால் அந்த வாங்கைத் திரும்பவும் துடைத்தாள். நான் ஏற்கெனவே கழுவிவிட்டிருந்த வாங்கு அது.

அடுத்த வருஷம் இரண்டாம் வகுப்புக்கு டீச்சராக நிரஞ்சலா புதிதாக வந்தாள். பதுளைப் பிள்ளை, இருபத்தெட்டு வயது. பள்ளிக்கூடத்துக் குவார்ட்டஸில் ஒரு அறையில் தங்கியிருந்தாள். மெல்லிய குரல். இந்தக் குரலை வைத்துக்கொண்டு இவள் எங்கே பிள்ளை மேய்க்கப்போகிறாள் என்று நான் கிண்டல் பண்ணினேன். அவள்தான் கம்சலாவையும் ராமலட்சுமியையும் கூட்டிக்கொண்டு பதுளையில் ஒரு டாக்டரிடம் போனாள். வீட்டில் வாயாடுகிற பிள்ளை பள்ளிக்கூடத்தில் பேசாதது திமிரும் இல்லை, பிடிவாதமும் இல்லை, பயம் என்று டாக்டர் சொன்னாராம். பேச வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்கும் ஆசைதான், ஆனால் தொண்டை பூட்டிக்கொள்கிறது, அதட்டினால் இன்னும் இறுகும். பேசவைக்கிறோம் என்று நிற்காதீர்கள், பேசிவிட்டாலும் ஆகா ஓகோ என்று கொண்டாடாதீர்கள், ஒன்றுமே நடக்காதமாதிரி இருங்கள் என்றும் சொல்லியிருக்கிறார்.

அதற்குள் இங்கே வேறு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. எங்கள் பள்ளிக்கூட அதிபர் தர்மராசா கெட்டவர் இல்லை. ஆனால் ஒரு காரியத்துக்கு ஒரு படிவம் இருந்தால் அதை நிரப்பாமல் அவருக்குத் தூக்கம் வராது. "பேச்சு வராத பிள்ளைய வச்சுக்கொண்டு நாங்க என்ன செய்யிறது? பண்டாரவளைப் பக்கம் அப்பிடிப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு இடம் இருக்கு, அங்கேயே தங்கிப் படிக்கலாம். வருஷ முடிவுக்குள்ள பேசினாச் சரி. இல்லாட்டி நான் எழுதிப்போடுவன்" என்றார்.

ராமலட்சுமி என்னிடம் வந்து புலம்பினாள். "அங்க அனுப்பிட்டா அவ யாருகிட்டயுமே பேசமாட்டா டீச்சர். தண்ணி வேணும்னுகூட கேக்கமாட்டா. இப்ப என்கிட்டயாச்சும் பேசுறா. நான் பக்கத்துல இல்லாட்டி அந்தப் பேச்சும் போயிரும்." அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. பிள்ளை படித்து டாக்டராக வேண்டும் என்றெல்லாம் இல்லை. தன்னை விட்டுப் போகாமல் இருக்க, பள்ளிக்கூடத்தில் நாலு வார்த்தை பேசினால் போதும்.

நிரஞ்சலா ஒரு வழி சொன்னாள். பிள்ளைக்கு அம்மாவிடம் பேச்சு வருகிறது. அப்படியென்றால் அம்மாவைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவர வேண்டும். ஆள் யாரும் இல்லாத வகுப்பறையில் அம்மாவும் பிள்ளையும் விளையாடட்டும். பேச்சு வந்த பிறகு நிரஞ்சலா கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வருவாள், அம்மா கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போவாள்.

சொல்வதற்கு நன்றாகத்தான் இருந்தது. ராமலட்சுமிக்கு நேரம்? காலை ஆறே முக்காலுக்குப் பெரட்டு. ஆட்கள் கூடி நின்று பேர் கொடுத்தால்தான் அன்றைக்கு வேலை. பிந்தினால் கங்காணி திருப்பி விரட்டிவிடுவார். சாயந்தரம் கொழுந்தைத் தராசில் நிறுத்து முடிந்து அவள் வரும்போது பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கும். பள்ளிக்கூடச் சாவி என்னிடம்தான் இருந்தது, நான் தோட்டத்திலேயே குடியிருப்பதால். ஆறே காலுக்கு நான் திறந்துவிட்டால் ஆறரை வரைக்கும் அவளுக்குக் கால் மணி நேரம். அதன்பிறகு குறுக்குவழியில் ஓட்டமாக ஓடினால் பெரட்டைப் பிடிக்கலாம்.

"துஷ்யந்தி அக்கா, கோவிச்சுக்காதீங்க" என்றாள் நிரஞ்சலா. "தொறந்து விட்டுட்டு நீங்க இந்தப் பக்கமே வரக்கூடாது. ஒங்க குரலக் கேட்டாலே பிள்ளைக்கு ஒடம்பு வெறச்சுப் போகுது."

எனக்குச் சுருக்கென்றது. மூன்று நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனாலும் திறந்தேன். திறந்துவிட்டு ஆபிஸ் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, இருமல் வந்தால்கூடச் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாருக்கு வாய்க்கும் இந்த யோகம்!

மாசி மாதம் அது. பனி மண்டபத்துக்குள்ளேயே வந்து நிற்கும். ராமலட்சுமி மூன்று மணிக்கே எழுந்து சமைத்து, தண்ணீர் பிடித்து, வடிவேல் ஸ்டோருக்குப் போன பிறகு பிள்ளைக்குச் சட்டை மாட்டி வெளிக்கிடுத்திக் கூட்டிக்கொண்டு வருவாள். தரையில் சாக்கை விரித்து இரண்டு பேரும் அஞ்சாங்கல் ஆடுவார்கள். ராமலட்சுமி எண்ணுவாள். பிள்ளை வாயைத் திறக்காது. வீட்டில் இதே ஆட்டத்துக்கு ஊரைக் கூட்டுகிற பிள்ளை! முதல் நாள், இரண்டாம் நாள், ஒரு வாரம். ராமலட்சுமி முகம் சுளிக்கவில்லை. பத்தாவது நாள் ஆபிஸ் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கு ஒரு சின்னக் குரல் கேட்டது. "ரெண்டு" என்றது. கொஞ்சம் கரகரத்த குரல். ஒரு வருஷம் என் வகுப்பில் இருந்த பிள்ளையின் குரலை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்கிறேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. சத்தம் போடாமல் அழுவதும் அன்றைக்குத்தான் பழகினேன்.

அடுத்தடுத்த வாரங்களில் நிரஞ்சலா வாசலுக்கு வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். பிறகு வாசலில் நின்றாள். பிறகு மூலையில் உட்கார்ந்து கொப்பி திருத்தினாள். ஒவ்வொரு அடிக்கும் பிள்ளை இரண்டு மூன்று நாள் வாயை மூடிக்கொள்ளும், பிறகு அம்மாவின் காதுக்குள் தொடங்கும், பிறகு வெளியே வரும். ராமலட்சுமியை இரண்டு நாள் பெரட்டில் விரட்டிவிட்டார்கள். கூடையோடு திரும்பி வந்து லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தாள். கால் சுளுக்கு என்று வடிவேலிடம் பொய் சொல்லிவிட்டாள்.

"ஏன் அவருகிட்ட மறைக்கிற? பெத்த அப்பன் தானே" என்று கேட்டேன்.

"அவரு மாரியம்மனுக்கு நேந்திருக்காரு டீச்சர். பிள்ள பள்ளிக்கூடத்துல வாயத் தொறந்தா காவடி எடுக்குறேன்னு. விசயம் தெரிஞ்சா தோட்டம் பூராவும் சொல்லிப்புடுவாரு. யாரும் எதுவும் பேசக்கூடாதுன்னு டாக்டரு சொன்னாருல்ல? நல்லா முத்தட்டும், அப்பறம் சொல்லிக்கலாம்."

வைகாசியில் ஒரு நாள், மூன்று பேரும் ஆடிக்கொண்டிருந்தபோது, கம்சலா நிரஞ்சலாவை நேராகப் பார்த்து, "டீச்சர், ஒங்க கல்லு அங்கிட்டு உருண்டுருச்சு" என்றாள். நிரஞ்சலா "அப்படியா" என்று சொல்லிவிட்டுக் கல்லை எடுத்துக்கொண்டாள். அவ்வளவுதான். ராமலட்சுமி நேரமாகிவிட்டது என்று எழுந்து போனவள், படியிறங்கி, தேயிலை மறைவு வந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டதை ஆபிஸ் ஜன்னலால் பார்த்தேன். முகத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்து ஓடினாள்.

ஆனி முடியும்போது அம்மா போன பிறகும் நிரஞ்சலாவிடம் மெல்லப் பேசினாள் கம்சலா. வகுப்பு நடக்கும்போது பக்கத்திலிருந்த ஆர்த்திகாவின் காதில் "அழிறப்பர் தா" என்று கேட்டிருக்கிறாள். இன்னும் ஒரு பள்ளித் தவணை இப்படியே போனால் இடாப்புக்குப் பதில் சொல்லிவிடுவாள் என்று நிரஞ்சலா சொன்னாள். அதிபரும் படிவத்தை மேசைக்குள் வைத்துவிட்டார்.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும்.

ஆடித் திருவிழாவுக்கு ஐந்து நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை. சீனி வாங்கச் சந்திக் கடைக்குப் போயிருந்தேன். ஏழெட்டு ஆம்பிளைகள் பிளேன்டீ குடித்துக்கொண்டு நிற்கிறார்கள். வடிவேலும் நிற்கிறான். ஒருத்தன், "என்ன வடிவேலு, இந்த வருசமும் காவடி இல்லையா? ஊமைச்சி இன்னும் வாய் தொறக்கலயா?" என்றான். இன்னொருத்தன், "பேசாத பொம்பளப் பிள்ளைக்குச் சீதனமே வேணாம்டா, புருசன் குடுத்துவச்சவன்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். வடிவேலும் சேர்ந்து சிரித்தான்.

"யாரடா ஊமைச்சி?" என்று போட்டேன் ஒரு அதட்டு. கடைக்காரன் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டான். "அவ பேசிட்டாடா! பள்ளிக்கூடத்துல, டீச்சர்கிட்ட, வாயத் தொறந்து பேசுறா! என் காதால கேட்டேன். ஒங்க வீட்டுப் பிள்ளைகளவிட நல்லாப் பேசுறா. போங்கடா!"

சொல்லி முடித்த கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டேன். கடித்து என்ன பிரயோசனம்? வடிவேல் டீயைக் கீழே வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றான். "நெசமாவா டீச்சரம்மா?" என்றான். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டுகிறது. "யாருகிட்டயும் சொல்லிப்புடாதீங்க" என்று ஏழெட்டுப் பேர் கேட்டுக்கொண்டிருக்க அவனிடம் சொன்னேன். என் புத்தியை என்னவென்று சொல்வது!

அன்று சாயந்தரமே ராமலட்சுமி என் வீட்டுக்கு வந்தாள். ஏச வரவில்லை. அவளுக்கு ஏசத் தெரியாது. "அவரு காவடி எடுக்கட்டும் டீச்சர், நான் வேணாங்கல. பிள்ளய மட்டும் விட்டுரச் சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேப்பாரு." நான் போய்ச் சொன்னேன். டாக்டர் சொன்னது எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னேன். வடிவேல் கையைக் கட்டிக்கொண்டு கேட்டான். "பிள்ளய நான் ஒண்ணும் செய்யமாட்டேன் டீச்சரம்மா. சாமி முன்னால நிக்கவச்சு, துன்னூறு பூசிக் கூட்டியாந்துருவேன்" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நினைத்திருந்தான்.

ஆனால் எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. நேர்த்தி பலித்தவர்களின் பெயரை லயத்து நம்பரோடு மைக்கில் சொல்வார்கள். என்ன நேர்ந்தார்கள், அம்மன் என்ன கொடுத்தாள் என்று எல்லாமே சொல்வார்கள். கேட்கிறவர்கள் ஓம் சக்தி என்பார்கள். சொல்லாவிட்டால் சாமி குத்தம். வடிவேல் பெயர் கொடுத்தான். கொடுக்காமல் அவனால் இருக்க முடியாது, அவன் இடத்தில் நானாக இருந்தாலும் கொடுத்திருப்பேன்.

திருவிழா அன்று மத்தியானம். காவடி இறக்கி, அலகு எடுத்து, நெற்றி நிறையத் திருநீறோடு வடிவேல் நிற்கிறான். பட்டுப் பாவாடையில் கம்சலா, ராமலட்சுமியின் இடுப்போடு ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். கோயில் கமிட்டிக்காரர் மைக்கைப் பிடித்தார். "மூணாம் லயம் வடிவேல் குடும்பம்! அஞ்சு வயசு வரைக்கும் பள்ளிக்கூடம் போய் வாய் பேசாத பிள்ள, இன்னிக்கு ஆத்தா புண்ணியத்துல பேசுது!" அவர் கணக்கில் வயது எல்லாம் தப்பு, அதை யார் பார்த்தார்கள். ஓம் சக்தி என்று சனம் எழுப்பிய சத்தத்தில் பிள்ளை அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்தது.

அதோடு விட்டிருக்கலாம். அந்த மனுஷனுக்கும் உற்சாகம். இறங்கி வந்து பிள்ளையைத் தூக்கி மேடையில் நிறுத்திவிட்டார். "ஒரே ஒரு வார்த்தை. அம்மான்னு சொல்லு பாப்பா. ஆத்தா கேக்கணும்ல?" என்று மைக்கை அவள் வாய்க்கு நேரே பிடித்தார்.

சனம் அடங்கியது. உடுக்கு நின்றது. மரங்களில் கட்டியிருந்த ஒலிபெருக்கி எல்லாவற்றிலும் அந்தப் பிள்ளையின் மூச்சு கேட்டது. புஸ், புஸ் என்று. மேல் லயம், கீழ் லயம், ஸ்டோர், றோட்டு, எல்லா இடத்துக்கும் கேட்டது. வேறு எதுவும் வரவில்லை. "வெக்கப்படாத பாப்பா" என்றார் அவர். மூச்சு இன்னும் வேகமாகியது. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வடிவேலின் முகம் தொங்கிப்போனது. "சொல்லும்மா, என் தங்கமே, சொல்லும்மா" என்று கீழே நின்று கையெடுத்துக் கும்பிட்டான். பெற்ற பிள்ளையைக் கும்பிட்டான்.

நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் போவதற்குள் ராமலட்சுமி மேடையில் ஏறிவிட்டாள். மைக்கைப் பிடித்திருந்த கையைத் தட்டிவிட்டாள். பெரிய சத்தத்தோடு மைக் விழுந்தது. பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, கூட்டம் விலக விலக, யாரையும் பார்க்காமல் லயத்துப் பக்கம் நடந்தாள்.

மறுவாரம் ஆறே காலுக்குத் திறந்து வைத்தேன். இரண்டு பேரும் வந்தார்கள். சாக்கில் உட்கார்ந்தார்கள். ராமலட்சுமி கல்லைப் போட்டு எண்ணினாள். பிள்ளை கல்லைத் தொடவில்லை. பத்து நாள், இருபது நாள், ஒரு மாதம். நிரஞ்சலா மறுபடியும் வாசலுக்கு வெளியே போய் முதுகைக் காட்டி நின்று பார்த்தாள். திரும்ப முதலிலிருந்து தொடங்கினால் வரும் என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். ஒரு நாள் ராமலட்சுமி ஆபிஸ் அறைக்கு வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "டீச்சர், ஒண்ணு சொல்லணும். நிரஞ்சலா டீச்சர்கிட்ட சொல்ல வாய் வரல. திருவிழா அன்னிக்கே அவங்க அப்பாகிட்ட பேச்ச விட்டுட்டா. இப்ப என்கிட்டயும் பேசுறதில்ல. வீட்டுலயும் இல்ல டீச்சர். ஒரு வார்த்த இல்ல."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் என்னை ஒரு வார்த்தை குற்றம் சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறியிருப்பேன். சொல்லவில்லை. கூடையை மாட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போய்விட்டாள். வடிவேல் அதற்குப் பிறகு கடைப்பக்கமே போவதில்லை. ஸ்டோரில் இருந்து நேரே வீடு, வீட்டில் இருந்து ஸ்டோர்.

கார்த்திகையில் அதிபர் படிவத்தை எடுத்தார். கல்விப் பணிமனையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். நிதானமான மனுஷன், பிள்ளைக்கு டொபி கொடுத்தார், அவசரப்படுத்தவில்லை. கேள்வி ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். வீட்டில் பேசுகிற பிள்ளையாக இருந்தால் இங்கேயே வைத்து முயற்சி செய்யலாம், எங்கேயுமே பேசாத பிள்ளை என்றால் தங்கிப் படிக்கிற இடத்துக்கு அனுப்பத்தான் வேண்டும் என்று விளக்கினார். பிறகு ராமலட்சுமியைப் பார்த்துக் கேட்டார்: "பிள்ள வீட்டுல பேசுறாங்களா அம்மா?"

நிரஞ்சலா தலையைக் குனிந்துகொண்டாள். தோட்டத்து ஆபிஸ் வாசலில்கூடப் புருஷனை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் நிற்கிறவள் ராமலட்சுமி. அன்றைக்கு நாற்காலியின் நுனிக்கு வந்து உட்கார்ந்து, சத்தமாகச் சொன்னாள். "பேசுவாங்க சார். வாய் ஓயாது சார். இன்னிக்குக் காலையிலகூட, அம்மா, சட்டையில பட்டன் இல்லன்னா. தேங்காச் சம்பல் ஒறப்புன்னா. கோழிகிட்டகூட சண்ட புடிப்பா சார்."

பக்கத்தில் கம்சலா, டொபியைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், நீங்க கேட்டிருக்கிறீங்களா?" என்று அவர் என் பக்கம் திரும்பினார்.

"கேட்டிருக்கேன் சார்" என்றேன். "நல்ல குரல். கொஞ்சம் கரகரப்பு."

அவர் எழுதிக்கொண்டார். அடுத்த வருஷம் பார்ப்போம் என்றார். கம்சலா எங்களோடு இருக்கிறாள் என்று முடிவானது. வெளியே வந்ததும் ராமலட்சுமி, "அடுத்த காம்பராவுல விசாரிப்பாங்களா டீச்சர்?" என்று கேட்டாள். அதெல்லாம் விசாரிக்கமாட்டார்கள் என்று சொன்னேன். அவள் நம்பினமாதிரித் தெரியவில்லை. லயத்துக் காம்பராக்களுக்கு நடுவில் இருக்கிற சுவர் கூரை வரைக்கும் போவதில்லை. இந்த வீட்டில் தும்மினால் அந்த வீட்டில் கேட்கும். அந்த லயத்தில் கேட்டது அடுத்த நாள் எல்லா இடத்துக்கும் போகும்.

இது நடந்து மூன்று மாதம் இருக்கும். போன வாரம் சாயந்தரம் மழை பிடித்துக்கொண்டது. நான் மூன்றாம் லயத்துப் பக்கமாக வந்தவள் ஒதுங்க இடம் தேடி ராமலட்சுமியின் வாசலுக்கு ஏறினேன். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளேயிருந்து பிள்ளைக் குரல் கேட்டது. "அம்மா, சோத்துல கல்லு கெடக்கும்மா."

"எங்கடி? எடுத்துப் போட்டுட்டு சாப்புடு" என்றாள் ராமலட்சுமி.

"அம்மா, நாளைக்கு எனக்கு ரெட்டச் சடை போட்டுவிடுறியா?"

சந்தோஷத்தில் லயம் முழுக்கக் கேட்கிறமாதிரிக் கத்த வேண்டும் போலிருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு கதவை மெல்லத் தள்ளினேன்.

அடுப்புக்குப் பக்கத்தில் ராமலட்சுமி சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பி, தொண்டையைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் குரல் அவள் வாயிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. கம்சலா எதிரில் தட்டோடு உட்கார்ந்து, பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ராமலட்சுமி என்னைப் பார்த்துவிட்டாள். முகம் மாறவில்லை. நிறுத்தவும் இல்லை. "அம்மா, டீச்சர் வந்திருக்காங்கம்மா" என்றாள், அதே பிள்ளைக் குரலில். பிறகு தன் குரலில், "உள்ள வரச் சொல்லும்மா, மழையில நிக்கிறாங்க" என்றாள்.

கம்சலா தட்டை வைத்துவிட்டு எழுந்து, எனக்கு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள்.